தவமணி ஜீப்பின் கீச்சுக்குரல்

போடியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஜெசிந்தாவின் ஒர்க்ஷாப் இருந்தது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவள். வயது முப்பத்தெட்டு. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் எல்லாம் அவளிடம்தான் வரும். யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்தவர் ஒச்சப்பன். அவருக்கு ஐம்பத்து நாலு வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஒருநாள் இடது முழங்கால் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

"ஓட்டத் தெரியும் மேஸ்திரி. திறக்கத் தெரியாது" என்று சொல்லித்தான் வந்து நின்றார்.

டீக்கடையில் கேலி பேசினார்கள். நரைத்த மீசையோடு ஒரு பெண்பிள்ளைக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறீரே என்றார்கள்.

"எடுத்துக் கொடுத்தாத்தேன் எது பதினாலு நம்பரு, எது பதினேழு நம்பருன்னு தெரியுது" என்றார் ஒச்சப்பன். டீயையும் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஆறு மாதம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா, தங்கைக்குப் பிரசவம் என்று கம்பத்துக்குக் கிளம்பினாள்.

"பஞ்சர், ஆயில் மாத்துறது, பிரேக் கட்டை. இதெல்லாம் நீங்க பாருங்க அண்ணே. மத்தது வந்தா நான் வந்ததும் பார்த்துக்கலாம்னு சொல்லுங்க."

"சரி மேஸ்திரி."

மறுநாள் சாயங்காலம் வந்தது தவமணியின் ஜீப். பன்னிரண்டு பெண்களை மலைக்கு ஏற்றிப்போய் இறக்கிவரும் வண்டி. நாலு மாதமாக அதற்கு ஒரு சீக்கு. மலையில் ஏறும்போது இன்ஜினுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு கத்தல் கிளம்பும். எதிரே வருகிற பஸ்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் தவமணியே மூன்று பெல்ட் மாற்றிவிட்டான்.

"மானம் போகுதுண்ணே" என்றான் தவமணி. "என்னத்தையாவது பண்ணி இதோட வாயை அடைங்க."

மேஸ்திரி வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஒச்சப்பனுக்கு வாய் வரவில்லை. பெல்ட் சத்தம்தானே, இது என்ன பெரிய வித்தை என்று தோன்றியது.

பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டார். எப்போதாவது ஒரு சின்ன கீச். அவ்வளவுதான்.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து தூக்குவாளியோடு இறங்கிய ஒரு பெண் அருகில் வந்து நின்றாள். காமுத்தாய் என்று பெயர். பன்னிரண்டு பேரில் மூத்தவள்.

"அண்ணே, அது இங்கன கத்தாது. லைட்டைப் போட்டாத்தேன் கத்தும்" என்றாள்.

தவமணி சிரித்தான். "கேட்டுக்கங்கண்ணே. லைட்டு எங்க இருக்கு, பெல்ட்டு எங்க இருக்கு. இந்தக்கா இப்படித்தேன். ஏறினதுலேருந்து இறங்குறவரைக்கும் ஒரு குத்தம். கம்பி குத்துது, கதவு ஆடுது, லைட்டு கத்துது."

ஒச்சப்பனும் சிரித்தார்.

"லைட்டு எரியத்தான் செய்யும் தாயி. கத்தாது."

இறங்கி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். காமுத்தாய் தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒச்சப்பன் லாரிக்காரர்கள் செய்கிற வைத்தியத்தைச் செய்தார். துணி சோப்பு ஒரு கட்டியை எடுத்துப் பெல்ட்டின் உள்பக்கம் தேய்த்தார். இன்ஜினைப் போட்டார். கீச் இல்லை.

"கைராசிக்காரர்ண்ணே நீங்க" என்றான் தவமணி.

அன்று ராத்திரி ஒச்சப்பன் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜீப் திரும்பவும் வந்து நின்றது.

"அண்ணே, முன்னயாச்சும் கத்துச்சு. இன்னைக்கு அழுகுதுண்ணே" என்றான் தவமணி.

சோப்புத் தடவிய பெல்ட் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. ஒச்சப்பன் அதைத் துடைத்தார். பெல்ட் தளர்ந்திருக்கிறது, அதனால்தான் வழுக்குகிறது என்று முடிவு செய்தார். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் டைனமோவை ஒரு கம்பியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு, பெல்ட்டை வீணைத் தந்தி போல இறுக்கி நட்டை முடுக்கினார். இன்ஜினைப் போட்டார். அரைமணி நேரம் ஓடவிட்டார். ஒரு கீச்கூட இல்லை.

அன்றும் காமுத்தாய் நின்று பார்த்தாள்.

"அண்ணே, ரொம்ப இறுக்கினா அந்துறாதா?"

"நான் முப்பது வருஷமா வண்டியிலயே கிடந்தவன் தாயி."

"ஓட்டுனீக. சரி" என்றாள் அவள்.

அந்தச் 'சரி' ஒச்சப்பனுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலையில் நடந்ததைப் பிறகு ஆளாளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். சாரம் ஒன்றுதான். மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றத்தில் சாலை தெரியாதபடி மஞ்சு இறங்கியிருந்தது. தவமணி லைட்டைப் போட்டான். ஜீப் கத்தத் தொடங்கியது. நாலு கொண்டை ஊசி வளைவு கத்திக்கொண்டே ஏறியது. ஐந்தாவது வளைவில் டப்பென்று ஏதோ ஒரு சத்தம். அதன்பிறகு கத்தல் இல்லை.

தவமணி திரும்பிப் பெண்களைப் பார்த்து, "பார்த்தீகளா, நின்னுருச்சு. ஒச்சப்பண்ணன் கை கை தான்" என்றான்.

"தம்பி, நின்னதுதேன் பயமா இருக்கு. வண்டிய ஓரங்கட்டு" என்றாள் காமுத்தாய்.

"கத்தினாலும் குத்தம், கத்தாட்டியும் குத்தமாக்கா?"

இன்னும் ஒரு வளைவு போனான். பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பெல்ட் அறுந்து, தண்ணீர் பம்ப் சுற்றாமல், இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதாவது நிறுத்தியதால் இன்ஜின் தப்பியது.

பெண்கள் மீதித் தூரத்தை நடந்தார்கள். தோட்டத்தில் சூப்பர்வைசர் வாட்சைக் காட்டினார். இன்றைக்கு வேலை இல்லை, போய்ச் சேருங்கள் என்றார். வந்த வழியே இறங்கினார்கள். இன்னொரு ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, பெண்களையும் ஏற்றிக்கொண்டு, மத்தியானம் எல்லோருமாக ஒர்க்ஷாப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதே நேரத்தில் கம்பம் பஸ்ஸிலிருந்து ஜெசிந்தாவும் பையோடு இறங்கி வந்தாள்.

"பொண்ணா பையனா மேஸ்திரி?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"பொண்ணு. நல்லா இருக்கா. இங்க என்ன திருவிழா?"

அவர் பதில் சொல்வதற்குள் தவமணி காமுத்தாய் பக்கம் திரும்பிவிட்டான்.

"எல்லாம் இவுக கரிநாக்கு. அந்துறும் அந்துறும்னு ஏறினதிலேருந்து சொன்னா எந்தப் பெல்ட்டு தாங்கும்? அக்கா, திங்கக்கிழமையிலேருந்து என் வண்டியில ஏறாதீக. வேற வண்டி பார்த்துக்கங்க."

மலைக்குப் போகிற மற்ற ஜீப்புகளில் இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டி இல்லை என்றால் வேலை இல்லை.

காமுத்தாய் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லலேன்னா கல்லு மாதிரி இருக்காளேன்னு சொல்வீக. சொன்னா கரிநாக்கும்பீக. நல்லா இருங்க தம்பி" என்றாள்.

ஜெசிந்தா பையை மேஜையில் வைத்தாள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டினாள். ஜீப்புக்குள் கைவிட்டு, பிய்ந்துபோன பெல்ட்டை எடுத்தாள். அதன் ஒரு ஓரம் மட்டும் எலி கடித்த மாதிரி நாராக உரிந்திருந்தது.

"ரெண்டு நாளா என்னண்ணே செஞ்சீங்க?"

ஒச்சப்பன் எதையும் மறைக்கவில்லை. சோப்பைச் சொன்னார். நெம்பியதைச் சொன்னார். நட்டு எத்தனை சுற்று என்பதுவரை சொன்னார்.

அவள் திட்டவில்லை. சோப்பு என்றபோது மட்டும் உதடு லேசாகச் சிரித்தது.

பெட்டியிலிருந்து புதுப் பெல்ட் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "மாட்டுங்க. கட்டைவிரலால அழுத்தினா அரை அங்குலம் அமுங்கணும். அதுக்கு மேல இறுக்காதீங்க."

மாட்டினார். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி இன்ஜினைப் போட்டார்கள். தேனீக்கூட்டம் மாதிரி ரீங்காரம். வேறு ஒரு சத்தமும் இல்லை.

அதுதான் ஒச்சப்பனுக்குத் தாங்கவில்லை.

"இங்க கேக்குறப்ப ஒண்ணுமில்ல. மேல போனா உசுரு போற மாதிரி கத்துது. இல்லாத சத்தத்தை எப்படி மேஸ்திரி நிறுத்துறது?"

ஜெசிந்தா இன்ஜினை அணைத்தாள். கையைத் துடைத்தாள். இன்ஜினுக்குள் குனிவாள் என்று ஒச்சப்பன் டார்ச்சை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் நேராகப் போய்க் காமுத்தாய்க்கு எதிரே ஒரு ஆயில் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, வண்டி எப்பக் கத்தும்?"

காமுத்தாய் சுற்றிலும் பார்த்தாள். "என்னையவா கேக்குறீக?"

"ஆமாக்கா."

"கேலிக்கா?"

"இல்ல. எனக்குத் தெரியல. அதான் கேக்குறேன்."

'தெரியல' என்ற வார்த்தையை ஒச்சப்பன் அவள் வாயிலிருந்து அதற்கு முன் கேட்டதில்லை.

காமுத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அப்புறம் நிறுத்தவில்லை.

"தாயி, கீழ ரோட்டுல கத்தாது. பள்ளிக்கூடம் தாண்டியும் கத்தாது. மேல மஞ்சு இறங்கியிருக்கும் பாருங்க, லைட்டைப் போடுவாரு. போட்ட உடனே கத்தும். மஞ்சு விலகுனதும் அணைப்பாரு. நின்னுரும். ஒருநாள் மஞ்சே இல்ல. லைட்டே போடல. ஒரு கத்தலும் இல்லாம போய்ச் சேந்தோம். மழையன்னைக்கு லைட்டும் போட்டு, அந்தக் கண்ணாடி துடைக்கிற குச்சியையும் ஓடவிட்டாரு. அன்னைக்குத்தேன் ரொம்பக் கத்துச்சு. பின்னாடி உக்காந்திருக்கவளுக்கு வேற என்ன வேலை? இதத்தேன் கவனிச்சுக்கிட்டு வாரேன்."

"எத்தனை நாளா?"

"தைப்பூசம் கழிச்சு ஆரம்பிச்சுச்சு."

ஜெசிந்தா எழுந்தாள். "தவமணி, ஸ்டார்ட் பண்ணு."

ஸ்டார்ட் செய்தான். ரீங்காரம்.

"லைட்டைப் போடு."

"பட்டப்பகல்லயா மேஸ்திரி?"

"போடு."

போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் லேசாக ஒரு முனகல்.

"வைப்பரையும் போடு."

கீச்சென்று கிளம்பியது கத்தல். எதிர்க்கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காமுத்தாய் மட்டும் காதைப் பொத்தவில்லை. நாலு மாதம் தான் சொன்னதைத் தானே கேட்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"அணை" என்றாள் ஜெசிந்தா. நின்றது. "போடு." கத்தியது.

"அண்ணே, டார்ச்சைக் கொண்டாங்க. பெல்ட்டைப் பார்க்காதீங்க. டைனமோவைப் பாருங்க. லைட்டுக்கும் வைப்பருக்கும் கரண்ட் கொடுக்கிறது அதுதான்."

ஒச்சப்பன் முழங்காலைத் தாங்கிக்கொண்டு குனிந்தார். லைட்டை அணைத்தபோது டைனமோ நேராக இருந்தது. போட்டபோது, கூடுதல் பாரத்தை இழுக்க முடியாத மாடு நுகத்தடியில் ஒருக்களிப்பது போல, ஒரு நூலளவு சாய்ந்தது. அதன் சக்கரமும் சாய்ந்தது. அதில் ஓடிய பெல்ட் கோணலாகப் புரண்டு கதறியது.

"பார்த்தேன் மேஸ்திரி."

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழற்றினார்கள். டைனமோவைத் தாங்கும் இரும்புப் பிடியில் இருந்த புஷ் தேய்ந்து, போல்ட் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. புஷ் என்பது விரல் மோதிரம் அளவுக்கு ஒரு வளையம். ஜெசிந்தா அதை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினாள்.

தவமணி வாங்கிப் பார்த்தான். "இந்தக் கொட்டைப்பாக்குதேன் மூணு பெல்ட்டைத் தின்னுச்சா?"

"நாலு" என்றாள் காமுத்தாய்.

ஒச்சப்பன் கையில் இருந்த டார்ச்சை அணைத்தார். பதினோரு பெண்கள் வேறு நின்றார்கள். டீக்கடைக்காரரும் நாயைத் தேடிவந்தவர் போல் நின்றார்.

"தவமணி, இன்னைக்குப் பெல்ட்டு அந்தது அந்தம்மா நாக்கால இல்ல. நான் இறுக்கின இறுக்குல. அவுக ரெண்டு நாளும் சொன்னாக. முத நாள் சிரிச்சேன். ரெண்டாம் நாள் என் முப்பது வருஷத்தைச் சொன்னேன். உங்க எல்லாத்துக்கும் இன்னைக்கு வேலை போனது என்னாலதேன்."

தவமணி தலையைச் சொறிந்தான்.

"நானுந்தேண்ணே சிரிச்சேன்" என்றான் கடைசியில். அப்புறம் காமுத்தாய் இருந்த பக்கம் பார்க்காமல், "திங்கக்கிழமை வழக்கம்போல ஏறிக்கங்கக்கா" என்றான்.

"நாளைக்கு சனிக்கிழமை வேலை இல்லையாக்கும்?"

"நாளைக்கும்தேன்."

லேத்துப் பட்டறையில் புதுப் புஷ் கடைந்து வாங்கிவந்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் பொருத்தினார்கள். லைட்டைப் போட்டு, வைப்பரை ஓடவிட்டு, ஹாரனையும் அமுக்கிப் பார்த்தார்கள். ஹாரன் மட்டும்தான் கேட்டது.

கிளம்பும்போது ஜெசிந்தா சொன்னாள்: "அண்ணே, காலையில நீங்களும் இதுல மேல போய்ட்டு வந்துருங்க. மலையில எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"சரி மேஸ்திரி."

"முன் சீட்டு வேண்டாம்."

சனிக்கிழமை விடியற்காலம் ஒச்சப்பன் பின்னால் ஏறினார். பன்னிரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். காமுத்தாய் வழக்கமாக உட்காரும் மூலையை அவருக்குக் கொடுத்தாள். மறுக்க முடியவில்லை.

முந்தல் தாண்டி மஞ்சு வந்தது. தவமணி லைட்டைப் போட்டான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒன்றும் இல்லை. இன்ஜின் ஏறுகிற சத்தம். எங்கோ ஒரு ஓடை விழுகிற சத்தம். நாலு மாதமாக மஞ்சுக்குள் அந்த ஓடையை அவர்கள் கேட்டதே இல்லை. கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி மெல்லக் கும்மிப்பாட்டு ஒன்றை எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஒச்சப்பனும் தாளம் போட்டிருப்பார். ஆனால் சீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பி ஒவ்வொரு வளைவிலும் அவர் தொடையில் குத்தியது. முதுகுக்குப் பின்னால் கதவு ஆடியது. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. அதில் பாதி இழைகள் அறுந்திருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு.

இரண்டாவது வளைவில் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். எட்டாவது வளைவில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

காமுத்தாய் அவரைப் பார்த்தாள். "பழகிரும்ணே" என்றாள்.

"பழகக் கூடாது தாயி" என்றார் ஒச்சப்பன்.

பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியதும் அவர் தவமணியை வீட்டுக்குப் போக விடவில்லை. வண்டியை நேரே ஒர்க்ஷாப்புக்குள் விடச் சொன்னார். நீட்டிய கம்பியை அறுத்து அரத்தால் மழித்தார். அதன்மேல் பழைய டியூப்பைச் சுற்றினார். கதவுக்குப் புதுக் கொக்கியும் சங்கிலியும் வைத்தார். தொங்கிப் பார்த்தார். ஆடவில்லை.

ஜெசிந்தா வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். இவர் வேலையைப் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

தவமணி போன பிறகு ஒச்சப்பன் இரண்டு டீ வாங்கி வந்தார். அவள் வெளியே வந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"நான் ரெண்டு நாளா இன்ஜினையே பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க புதுப் பெல்ட்டு மாட்டினதும் குனிஞ்சுகூடப் பார்க்கல, நேரா அந்தம்மாகிட்டப் போனீங்க. ஓட்டுற தவமணியைக் கேக்கல. என்னையக் கேட்டதும் என்ன செஞ்சேன்னு மட்டுந்தேன். அந்தம்மாவுக்குத்தேன் தெரியும்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஜெசிந்தா டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலண்ணே. அந்த வண்டியில நாலு மாசமா விடாம சொல்லிக்கிட்டிருந்தது ரெண்டே பேரு. ஒண்ணு பெல்ட்டு. அதுக்குத் தமிழ் தெரியாது."